இருபத்திரண்டு கரண்டியும் ஒரு சட்டியும்

பங்குச்சாமி அன்றைக்குப் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். என் மடியில் கைப்பேசி பொறுமையே இல்லாமல் துடித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை. எட்டரை மணி இருக்கும். மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடிக்க வேண்டும் என்று நான் அரை மணி நேரம் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தேன். அதைப் பக்தி என்று நினைத்தவர்களை நான் திருத்தவில்லை.

எடுத்துப் பார்த்தால் சவரிமுத்து அண்ணன். எங்கள் கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர். வெட்டிவிட்டேன். மறுபடி அடித்தார். மறுபடி வெட்டினேன். ஐந்தாவது தடவை பக்கத்தில் இருந்த அம்மாள் என்னை ஒரு முறை முறைத்தாள். எழுந்து வெளியே வந்தேன்.

"லூர்து, எங்க இருக்க?"

"ஞாயித்துக்கெழம இந்நேரம் எங்க இருப்பேன்? கோயில்லதான். நீங்களும் இங்க இருக்க வேண்டிய ஆளுதாண்ணே."

"அத விடு, ஆத்தா. மும்தாஜ் வீட்டு வேலைக்குக் கொத்தனாருக இருபத்திரண்டு பேரு வந்து நிக்கிறோம். சட்டி தூக்க அவள விட்டா ஒரு ஆளு இல்ல."

நான் கோயில் படியில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். உள்ளே எல்லாரும் விசுவாசப் பிரமாணம் சொல்ல எழுந்துகொண்டிருந்தார்கள்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு மூன்று சங்கதிகளைச் சொல்லிவிட வேண்டும்.

கட்டட வேலை பார்க்காதவர்களுக்கு

வீட்டைக் காசு கொடுத்துக் கட்டிக்கொண்டவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. கொத்தனார் கல் வைப்பார். அந்தக் கல்லைச் சித்தாள் தலையில் சுமந்து வந்து அவர் கையில் கொடுப்பாள். கொத்தனார் "கலவை!" என்று ஒரு சத்தம் போடுவார். சித்தாள் சிமெண்டும் மணலும் தண்ணீரும் போட்டுக் குழைத்து, சட்டியில் அள்ளி, அதையும் தலையில் வைத்துக்கொண்டு சாரம் ஏறுவாள்.

கொத்தனார்கள் எல்லாரும் ஆண்கள். சித்தாள்கள் எல்லாரும் பெண்கள். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. எழுதியிருந்தால் யாராவது மீறியாவது இருப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. கலவை பூசுகிற கரண்டியைப் பிடித்த கொத்தனார் அதற்கப்புறம் சட்டியைத் தொடமாட்டார். தொட்டால் மறுநாள் காலையில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நாங்கள் வேலைக்காக நிற்கிற இடத்தில், "என்னப்பு, கரண்டிய அடகு வச்சுட்டியா?" என்று நாலு பேர் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து, முதுகுக்குப் பின்னால் இரண்டு அடி தூரத்தில் இருக்கிற கலவையைக்கூட எடுக்காமல் கத்திக்கொண்டே நிற்கிற மகாராசாக்களோடுதான் நான் இருபது வருடம் சித்தாளாக வேலை பார்த்தேன்.

ஒட்டன்சத்திரத்து வாசகருக்கு

இந்தத் தொடரைப் படித்துவிட்டு ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். "ஏனுங்கம்மா, சங்கத்த இத்தன நக்கல் பண்றீங்களே, அப்புறம் எதுக்குங்க அதுலயே இருக்கறீங்க?" என்று. நியாயமான கேள்விதான்.

சில வருடங்களுக்கு முன்னால் என் நல வாரிய அட்டையைப் புதுப்பிக்கப் போனேன். பெருவிரலை இயந்திரத்தில் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். மறுபடி வைக்கச் சொன்னது. கை கழுவிவிட்டு வைத்தேன். தேங்காய் எண்ணெய் தடவி வைத்தேன். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாகிவிட்டது. சிமெண்ட் தின்றது போக மிச்சமிருந்த விரல்கள் அவை. ரேகை எங்கே இருக்கும்?

"ரேகை விழலம்மா. நீங்க கட்டட வேலை பாக்குறவங்கதான்னு நாங்க எப்பிடிப் பதியறது?" என்று அங்கிருந்த பெண் கேட்டாள். கட்டட வேலை பார்த்ததால் ரேகை போனது. ரேகை போனதால் நான் கட்டட வேலை பார்ப்பவள் இல்லை. இந்தக் கணக்கை எனக்குப் பத்தாம் வகுப்பில் சொல்லித்தரவில்லை.

மறுநாள் சவரி அண்ணன் ரேகை போன முப்பது பேரைத் திரட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். கொடி இல்லை, கோஷம் இல்லை. "வரிசைல நில்லுங்க. ஒவ்வொருத்தரா பத்து வெரலயும் வைங்க. அவசரப்படாதீங்க" என்று மட்டும் சொன்னார். ஆளுக்குப் பத்து விரல், எண்ணெய்க் கிண்ணம் வேறு. மத்தியானத்துக்குள் அங்கிருந்த அதிகாரிக்கே திடீரென்று நினைவு வந்துவிட்டது. கண்ணை வைத்தும் பதியலாமாம்.

யாராவது சாரத்திலிருந்து விழுந்தால், வீட்டு ஆட்கள் வருவதற்கு முன்னால் பெரியாஸ்பத்திரி வாசலில் சங்கத்து ஆள் நான்கு பேர் நிற்பார்கள். மேஸ்திரி ஒருவன் ஒரு சித்தாளிடம் வாலாட்டினால் மறுநாள் அவன் வேலைக்கு ஒரு கொத்தனாரும் போகமாட்டார். சின்னாளப்பட்டிப் பக்கம் மழையில் ஒரு பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் விழுந்தபோது யாரும் கேட்காமலேயே போய் எடுத்துக் கட்டினவர்கள் இவர்கள். அதனால்தான் இருக்கிறேன், அய்யா. நக்கல் செய்வது என் கோளாறு.

ஏகமனதான தீர்மானம்

இப்போது மும்தாஜுக்கு வருகிறேன். என்னோடு பதினைந்து வருடம் சட்டி சுமந்தவள். பிறந்தது சித்தையன்கோட்டை. திண்டுக்கல்லில் வாக்கப்பட்டு, சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள். இரண்டு பெண் பிள்ளைகள். ஊரெல்லாம் வீடு கட்டக் கல் சுமந்தவளுக்கு, ஓடு சரிந்த ஓர் அறைதான் வீடு.

அரசாங்கத்து வீடு கட்டும் திட்டத்தில் அவள் பெயர் வந்தது. இருக்கிற வீட்டை இடித்தால்தான் புது வீட்டுக்கு வேலை தொடங்க முடியும் என்றார்கள். இடித்தாள். பிள்ளைகளோடு அதே இடத்தில் தார்ப்பாய் கட்டிக் குடியிருந்தாள். சுவர் இடுப்பு உயரம் வந்தபோது அவள் வைத்திருந்த கொத்தனார் கேரளாவுக்குப் போய்விட்டார். போகும்போது சொல்லிவிட்டுப் போனார், அதுவரை நல்ல மனுஷன்.

வேலை மூன்று மாதம் அப்படியே நின்றது. திட்டத்து வேலைகளைப் பார்வையிடுகிற ஓவர்சியர், அவள் வேலைக்குப் போயிருந்த நேரம் வந்து பார்த்துவிட்டு, போனில் கூப்பிட்டு, "திங்கக்கெழம வருவேன். சுவரு கதவுக்கு மேல் மட்டம் வரைக்கும் வந்திருக்கணும். இல்லாட்டி உங்க பேரை எடுத்துட்டு லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க" என்றார். ஐப்பசி வேறு பிறந்துவிட்டது. பழைய வீடும் இல்லை, புது வீடும் இல்லை என்று நடுமழையில் நிற்கப்போகிறாள்.

வியாழக்கிழமை சங்கத்தில் அவசரக் கூட்டம். ஒரே பேச்சாக முடிவானது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கொத்தனார்கள் எல்லாரும் அவரவர் கரண்டியோடு மும்தாஜ் வீட்டுக்கு வர வேண்டும். கூலி கிடையாது. ஒரே நாளில் சுவர் எழுந்துவிட வேண்டும். ஏகமனதாக நிறைவேறியது. கைதட்டலில் மேலே இருந்த புறா பறந்தது.

நான் அப்போது சங்கத்தின் மகளிர் அணித் துணைச் செயலாளர். பதவியைப் பார்த்து மலைத்துவிடாதீர்கள். டீ பத்துமா, வடை வந்துவிட்டதா என்று பார்ப்பது என் இலாகா. இருந்தாலும் கையைத் தூக்கினேன்.

"அண்ணே, எல்லாம் சரி. ஆளுகளுக்கு..."

"லூர்து, டீ வந்துருச்சான்னு செத்த பாரு" என்றார் அண்ணன். ஆசையாகத்தான் சொன்னார், அதுதான் கூடுதல் எரிச்சல்.

போய்ப் பார்த்தேன். டீ வந்திருந்தது. இருபத்திரண்டு பேருக்கும் எடுத்துக் கொடுத்தேன். நான் கேட்க வந்ததை விழுங்கிவிட்டேன். சுவர் தானாக எழும்பாது, கலவை தானாக நடந்து வராது என்று இத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்காவது தோன்றட்டுமே, தோன்றினால் கூப்பிடட்டுமே என்று இருந்துவிட்டேன்.

வெளியே வரும்போது மும்தாஜ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருபத்திரண்டு கொத்தனாருக்கா! அல்லா கண்ணத் தொறந்துட்டான்."

"சட்டி யாருடி தூக்குறது?"

"நான் இருக்கேன்ல? மத்த பொம்பளைகள எப்பிடிக்கா கூப்புடுறது? துணி தொவைக்க அதுகளுக்கும் ஞாயித்துக்கெழம ஒரு நாள்தான். நான் விடியமுன்ன எந்திரிச்சு அம்புட்டையும் கொழச்சு வச்சுருவேன்."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். நாலு பேருக்குப் போன் அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. என் கோபம் எனக்குப் பெரிதாக இருந்தது.

"கலவை!"

கோயிலிலிருந்து நேராக அங்கே போனேன். தெரு முனையிலேயே சத்தம் கேட்டது. இருபத்திரண்டு குரல்கள். "கலவை! கலவை! ஏத்தா, கல்லு!"

அந்தச் சந்துக்குள் லாரி வராது. செங்கல்லும் மணலும் தெரு முனையில் கொட்டிக் கிடந்தன. அங்கிருந்து வீட்டுக்கு நூறு எட்டு நடக்க வேண்டும். அந்த நூறு எட்டையும் ஒருத்தி தலையில் சட்டியோடு ஓட்டமும் நடையுமாகக் கடந்துகொண்டிருந்தாள். முக்காடு கழுத்தில் கிடந்தது. முகம் கறுத்துப்போயிருந்தது.

வீடோ தீப்பெட்டி அளவு. நான்கு சுவருக்கும் சேர்த்து எட்டுப் பேர் நின்றால் இடம் முடிந்தது. மீதிப் பதினான்கு பேர் கரண்டியோடு வேப்பமரத்தடியில் நின்று, எட்டுப் பேரும் வைப்பது எப்படித் தப்பு என்று விளக்கிக்கொண்டிருந்தார்கள். நூல் பிடிப்பதற்கு மட்டும் ஆறு வித அபிப்பிராயம். இரண்டு மணி நேரத்தில் இரண்டு வரிசைகூட ஏறவில்லை.

மும்தாஜ் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பூசை முடிஞ்சுருச்சாக்கா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். இந்த ஆண்களுக்குப் பாடம் சொல்லித்தரப் புறப்பட்ட நான், அதற்கான செலவை இவள் தலையில் ஏற்றிவிட்டேன். பாவி நான், அதற்கு மேல் என்ன சொல்ல?

அங்கேயே நின்று போன் போட்டேன். பாதித் துணியைச் சோப்போடு விட்டுவிட்டு ஏழு பெண்கள் வந்தார்கள். ஆனால் நூறு எட்டுக்கு ஏழு பேர் எந்த மூலைக்கு? பொழுது சாய்வதற்குள் நடக்காது என்று எல்லாருக்கும் தெரிந்தது.

நான் மரத்தடிக்குப் போனேன். "அண்ணே, இந்தப் பதினாலு பேரும் எதுக்கு வந்திருக்காக? மரம் சாஞ்சுரும்னு முட்டுக் குடுக்கவா?"

யாரோ சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

"சட்டி தூக்கச் சொல்லுங்க."

"லூர்து..." என்று இழுத்தார்.

"நாளைக்கு அந்த ஓவர்சியர் வந்து பேரை அடிச்சுட்டுப் போகட்டும். நம்ம கௌரவத்த அவ தார்ப்பாய்க்குள்ள வச்சுக் குடும்பம் நடத்தட்டும். நமக்கென்ன?"

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். முறுக்கினார். வட்டமாகச் சுற்றித் தலையில் வைத்தார்.

"ஏலே, என்ன வேடிக்கை? வாங்கலே" என்று சொல்லிவிட்டுத் தெரு முனைக்கு நடந்தார்.

மகாராசாக்கள் சுமந்த கதை

முப்பது வருடம் கட்டட வேலை பார்த்தவர்களுக்குச் சும்மாடு சுற்றத் தெரியவில்லை. ஒருவருக்குக் கண்ணுக்கு மேல் இறங்கியது, இன்னொருவருக்குக் காதில் தொங்கியது. கலவைத் தண்ணீர் கழுத்தில் வழிந்தபோது ஒருவர் போட்ட கூச்சலைக் கேட்டு, ஏதோ விபத்து என்று எதிர் வீட்டுக்காரர்கள் வெளியே ஓடி வந்தார்கள். வந்தவர்கள் கதையைத் தெரிந்துகொண்டு அவர்களும் ஆளுக்கு நாலு கல் தூக்கினார்கள்.

நான்காவது நடையில் ஒரு கொத்தனார் என்னிடம் ரகசியமாகக் கேட்டார். "கழுத்து இப்பிடித்தான் வலிக்குமாக்கா?"

"ச்சே, ச்சே. எங்களுக்கு இனிக்கும்" என்றேன்.

மும்தாஜைப் பிடித்து நிழலில் உட்கார வைத்தேன். அவளால் உட்கார முடியவில்லை. மேற்குச் சுவரில் வேலை செய்துகொண்டிருந்தவர் கல் எடுக்க இறங்கிப் போயிருந்தார். அவருடைய கரண்டி சுவர்மேல் கிடந்தது. ஒரு கொத்தனாரின் கரண்டியை இன்னொருவர் தொடுவதே எங்கள் வேலையில் பெரிய குற்றம். சித்தாள் தொடுவது பற்றி யாரும் யோசித்ததுகூட இல்லை.

எடுத்தாள். கலவையை அள்ளிப் பரப்பினாள். கல்லை வைத்து, கரண்டிக் காம்பால் இரண்டு தட்டுத் தட்டி, பிதுங்கினதை வழித்தாள். அடுத்த கல், அதற்கடுத்த கல். பதினைந்து வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவள். எங்கே கற்றாய் என்று கேட்பவனுக்குத்தான் மூளை இல்லை.

சட்டியோடு வந்த அண்ணன் நின்றார். சட்டியை இறக்கி வைத்துவிட்டு ரசமட்டத்தை எடுத்து, சாய்வு இருக்கிறதா என்று வரிசைமேல் வைத்துப் பார்த்தார். தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தார். மறுபடி ரசமட்டம். குற்றம் கண்டுபிடிக்க அவர் பட்ட பாட்டைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"ம்ம். மேல வைய்யி" என்றார். பிறகு தான் கொண்டுவந்த கலவையை அவள் பக்கத்தில் கொட்டினார்.

எனக்கும் ஆசை வந்துவிட்டது. நானும் ஒரு கரண்டியை வாங்கி ஒரு வரிசை வைத்தேன். அது கர்ப்பிணி மாதிரி நடுவில் உப்பிக்கொண்டு நின்றது. அண்ணன் பார்த்துவிட்டு, "லூர்து, நீ வாய மட்டும் வச்சுக்க, கல்லு வேணாம்" என்று பிரிக்க வைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு அவருக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அது என்பதால் விட்டுக்கொடுத்தேன்.

மத்தியானம் தெருக்காரர்கள் குஸ்காவும் கத்திரிக்காய் வெஞ்சனமும் செய்து கொண்டுவந்தார்கள். வெயில் இறங்குவதற்குள் நான்கு சுவரும் கதவுக்கு மேல் மட்டத்துக்கு வந்துவிட்டன. வேலை முடிந்ததும் இருபத்திரண்டு பேரும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை

மறுநாள் காலை அண்ணனும் நானும் வேலைக்குப் போகவில்லை. ஓவர்சியர் வரும்போது கூட நிற்க வேண்டும் என்று போய்விட்டோம். மும்தாஜ் பலகைமேல் நின்று, மேற்குச் சுவரில் விட்டுப்போன சந்துகளைப் பூசிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இருவரும் கீழே நின்று சுவருக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

ஓவர்சியர் வந்தார். கைப்பேசியை உயர்த்திப் பிடித்தார்.

"ஏம்மா, பலகைல நிக்கிறவங்க கொஞ்சம் இறங்கிக்கங்க. படத்துல வேலையாளு வரக்கூடாது. பயனாளி மட்டும்தான் சுவருக்கு முன்னாடி நிக்கணும். அவங்களக் கூப்புடுங்க."

மும்தாஜ் இறங்கினாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சுவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பயனாளியக் கூப்புடச் சொன்னேம்மா."

"நான்தான் சார்."

அவர் கைப்பேசியில் இருந்த படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு படம் எடுத்தார். சுற்றிவந்து நான்கு பக்கமும் எடுத்தார். படம் ஏறாமல் கைப்பேசியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் மாதாவை வேண்டினேன். மும்தாஜின் உதடு வேறு எதையோ முணுமுணுத்தது. கடைசியில், "ஏறிருச்சு. உங்க பேரு நிக்கும்மா, பயப்படாதீங்க. கூரை வேலைய ஆரம்பிங்க" என்றார்.

மும்தாஜ் அப்படியே சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தாள். அவள் அழுததை நான் அவள் புருஷன் சாவுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் பார்த்தேன். பிள்ளைகள் இரண்டும் அவள் மேல் போய் விழுந்தன. நானும் அழுதேன். முந்தின நாள் சிரித்ததற்கும் சேர்த்துத்தான் அழுதேன்.

ஓவர்சியர் ஒரு தாளை எடுத்துச் சுவரில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தார். சவரி அண்ணன் பக்கம் திரும்பி, "கட்டுன கொத்தனாரு பேரு சொல்லுங்க. ஒரு பேருதான் எழுதணும்" என்றார்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"மும்தாஜ் பேகம்னு எழுதுங்க."

ஓவர்சியரின் பேனா நின்றது. "அப்ப நீங்க யாரு?"

"நான் இந்த வீட்டுக்குச் சித்தாளு, சார்."